நாலு மடங்கு என்னும் பொய்

"பின் டூ வை, நாலு மடங்கு வெளிச்சம் வரும்." தொலைநோக்கியில் கேமராவை மாட்டி நெபுலாக்களையும் அண்டங்களையும் படமெடுக்கக் கற்றுக்கொள்ளும் எந்தத் தமிழ்ப் பையனும் முதல் மாதத்திலேயே இந்த வாக்கியத்தைக் கேட்டுவிடுவான். வாட்ஸப் குழுவில் ஒருவர் சொல்வார், யூட்யூபில் ஒருவர் சொல்வார், கேமரா விற்கிறவர் கட்டாயம் சொல்வார். எதனுடைய நாலு மடங்கு என்று மட்டும் ஒருவரும் சொல்ல மாட்டார்கள். குடைந்து கேட்டால் "அது டெக்னிக்கல் சார்" என்று நகர்ந்துவிடுவார்கள். டெக்னிக்கல் என்பதால்தான் கேட்கிறோம்.

இந்த வாக்கியத்துக்கு எதிராகத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். இலக்கியப் பத்திரிகையில் இது எதற்கு என்று யாராவது முகம் சுளித்தால், அவர்களுக்கு ஒன்று. ஓரியன் நெபுலாவின் படத்தை எடுத்து உங்கள் கவிதைக்கு மேலே ஒட்டிப் போடுகிறீர்கள் அல்லவா? அந்தப் படம் எத்தனை மணி நேரத்தில், எத்தனை எலக்ட்ரான்களால் ஆனது என்று ஒருநாள் தெரிந்துகொள்வதில் கவிதைக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

பின்னிங் என்றால் என்ன என்பதை முதலில் முடித்துவிடுகிறேன். கேமராவின் சென்சார் என்பது வரிசை வரிசையாக அடுக்கிய சின்னஞ்சிறு கட்டங்கள். ஒவ்வொரு கட்டமும் ஒரு பிக்சல். விழுகிற ஒளியைப் பிக்சல் எலக்ட்ரான்களாகச் சேர்த்து வைக்கிறது. பக்கத்துப் பக்கத்து நாலு பிக்சலை, குறுக்கே 2, நெடுக்கே 2 என்று சேர்த்து, ஒரே பிக்சலாகக் கணக்கில் கொள்வது பின் 2. ஒன்பதைச் சேர்த்தால் பின் 3. சேர்க்காமல் விட்டால் பின் 1. அவ்வளவுதான் விஷயம். நாலு கட்டத்தின் எண்ணைக் கூட்டினால் எண் நாலு மடங்கு ஆகும், திரையில் படம் பளிச்சென்று தெரியும். வானத்தில் இருந்து ஒரு ஒளித்துகள்கூட அதிகமாக வந்திருக்காது.

நான் விக்கிரமங்கலத்தில் இருக்கிறேன். பகலில் மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறை. ராத்திரி, வாய்த்தால், வயல் வரப்பில் 6 அங்குலக் கண்ணாடித் தொலைநோக்கி. 'வாய்த்தால்' என்ற சொல்லை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆடி ஆவணியில் மேகம். ஐப்பசி கார்த்திகையில் மழை. மார்கழியில் லென்ஸ் மேல் பனி கோத்துக்கொண்டு நிற்கும். தை தொடங்கிச் சித்திரை வரை நாலு அமாவாசை, ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் சேர்த்து ஆறேழு ராத்திரி. மொத்தம் இருபத்தைந்து தேறினால் அந்த வருஷம் நல்ல வருஷம். அதில் கல்யாணம், காதுகுத்து, மின்வெட்டு எல்லாம் போகும். அதனால் ஒரு ராத்திரி வீணானால் அது எனக்குப் பெரிய விஷயம்.

போன மாசி அமாவாசையில் ஜெயங்கொண்டம் பக்கத்துத் தம்பி ஒருவனுக்கு அப்படி ஒரு ராத்திரி வீணானது. பாலிடெக்னிக் படிக்கிறவன். பழைய கேமரா ஒன்றைக் கடன் வாங்கி வாங்கியிருந்தான். 135 மில்லிமீட்டர் லென்ஸ். ஓரியனைச் சுற்றிக் கிடக்கும் பர்னார்ட் வளையத்தின் ஒரு பகுதியை எடுக்கப் போனான். மிக மங்கலான பொருள் அது. நாலு மணி நேரம் எடுப்பதாக இருந்தவன், பின் 2 வைத்தால் நாலு மடங்கு என்று எவரோ சொன்னதை நம்பி ஒரு மணி நேரத்தோடு மூட்டை கட்டிவிட்டான். மறுநாள் கூப்பிட்டான்.

"அண்ணே, படம் நல்லா வெளிச்சமா இருக்கு. ஆனா உள்ள ஒண்ணும் தெரியலையே?"

பின்னிங்கைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அவனிடம் முந்தின ராத்திரி பின் 1-இல் எடுத்த இன்னொரு ஒரு மணி நேரமும் இருந்தது. அதை வாங்கிக் கணினியில் பாதி அளவுக்குச் சுருக்கி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அதே மங்கல், அதே இரைச்சல். எது கேமராவில் சேர்த்தது, எது கணினியில் சேர்த்தது என்று அவனாலும் சொல்ல முடியவில்லை, என்னாலும் சொல்ல முடியவில்லை. ஒரு வித்தியாசம் உண்டு. கணினியில் சுருக்கியதன் மூலப்படம் முழுசாக இருந்தது. கேமராவில் சேர்த்ததில் நட்சத்திரம் ஒவ்வொன்றும் கட்டம் கட்டமாக நின்றது, அதை இனி யாராலும் பிரிக்க முடியாது. மீதி மூன்று மணி நேரத்தை அடுத்த வருஷம் மாசியில்தான் திரும்ப வாங்க வேண்டும்.

இனி இந்த மந்திரம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். காற்றில் முளைத்தது இல்லை. ஒரு காலத்தில் அதில் உண்மை இருந்தது.

1969-இல் பெல் ஆய்வகத்தில் வில்லர்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் சிசிடி என்ற ஒளியுணர் சில்லுக்கு வழி கண்டார்கள். 2009-இல் அதற்காக நோபல் பரிசு பெற்றார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் வானியலில் அதுதான் ராஜா. சிசிடியில் பிக்சல்களில் சேர்ந்த எலக்ட்ரான்களை வாளி வாளியாகக் கைமாற்றி, ஓரத்தில் இருக்கும் ஒரே அளவைக்கு நகர்த்திக்கொண்டு போய் அங்கேதான் எண்ணுவார்கள். எண்ணும்போது ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பிசகும். அந்தப் பிசகுக்கு வாசிப்பு இரைச்சல் என்று பெயர்.

எங்கள் செந்துறை, ஆண்டிமடம் பக்கம் முந்திரிக்காட்டில் கொட்டை பொறுக்குவதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். நாலு பெண்கள் நாலு கூடையில் பொறுக்குகிறார்கள். பழைய தராசு, நிறுக்கும் ஒவ்வொரு தடவையும் 80 கிராம் முன்னே பின்னே காட்டும். நாலு கூடையையும் ஒரே சாக்கில் கொட்டி ஒரே தடவை நிறுத்தால் பிழை 80 கிராம். தனித்தனியாக நாலு தடவை நிறுத்துக் காகிதத்தில் கூட்டினால், ஒன்று கூடவும் ஒன்று குறையவும் காட்டி ஓரளவு அடித்துக்கொண்டு போக, பிழை சுமாராக 160 கிராம். சிசிடி கேமரா முதல் வகை. எலக்ட்ரான்களைச் சில்லின் மேலேயே ஒன்றாகக் கொட்டிவிட்டு ஒரே தடவை எண்ணும். அதனால் அங்கே பின்னிங்கில் நிஜமாகவே லாபம் இருந்தது.

எவ்வளவு லாபம்? கேஏஎஃப் 8300 என்று பெயர்பெற்ற ஒரு சிசிடி சில்லு இருந்தது. அதன் வாசிப்பு இரைச்சல் சுமார் 8 எலக்ட்ரான். வானத்தின் சொந்த ஒளி ஒரு பிக்சலில் எத்தனை எலக்ட்ரான் சேர்ந்தால் இந்த இரைச்சல் பொருட்டில்லாமல் போகும் என்று ஒரு கணக்கு உண்டு. இரைச்சலை வர்க்கப்படுத்திப் பத்தால் பெருக்கினால், மொத்த இரைச்சலில் வாசிப்பின் பங்கு ஐந்து சதவீதத்துக்குள் அடங்கிவிடும். 8-இன் வர்க்கம் 64, பத்தால் பெருக்க 640. பிக்சலுக்கு விநாடிக்கு 1 எலக்ட்ரான் வானொளி வருகிறது என்றால் ஒரு படத்துக்கு 640 விநாடி, பத்து நிமிஷத்துக்கு மேல், ஷட்டர் திறந்திருக்க வேண்டும். பின் 2 வைத்தால் வானொளி விநாடிக்கு 4 எலக்ட்ரான், இரைச்சல் அதே 8. எனவே 160 விநாடி போதும்.

பார்த்தீர்களா, நாலு மடங்கு வந்துவிட்டது. ஆனால் இது *ஒரு தனிப்படத்துக்கான* குறைந்தபட்ச நேரம். பத்து நிமிஷம் தொலைநோக்கி ஆடாமல் அசையாமல் நட்சத்திரத்தைத் துரத்த வேண்டிய தொல்லை போய், இரண்டே முக்கால் நிமிஷமானது. ராத்திரி முழுக்க எடுக்க வேண்டிய மொத்த நேரம் நாலில் ஒன்றாகக் குறையும் என்று அந்தக் கணக்கு எங்கேயும் சொல்லவில்லை. தனிப்பட நேரத்தையும் மொத்த நேரத்தையும் குழப்பிக்கொண்ட யாரோ ஒருவரிடமிருந்து இந்த மந்திரம் பிறந்திருக்கிறது. வண்ணத்தைப் பின் 2-இலும் நுட்பத்தைப் பின் 1-இலும் எடுக்கும் பழைய சிசிடி வழக்கமும் சேர்ந்துகொள்ள, வேதவாக்காகிவிட்டது.

சிசிடி காலம் முடிந்தும்விட்டது. சோனி அதன் தயாரிப்பை நிறுத்தும் முடிவை 2015-இலேயே வெளியிட்டது. இன்று நீங்கள் வாங்கும் வானியல் கேமரா, கைப்பேசி, எல்லாமே சிமாஸ் சென்சார். சிமாஸில் ஒவ்வொரு பிக்சலுக்கும் தன் கூடையோடு தன் தராசும் உண்டு. கொட்டிச் சேர்க்கும் வேலையே அங்கே கிடையாது. பிக்சல் தனித்தனியாக நிறுக்கப்பட்ட பிறகுதான், பெரும்பாலான கேமராக்களில், எண்களைக் கூட்டுகிறார்கள். அதாவது கேமரா பின் 2-இல் செய்வதும், காலையில் காபி குடித்துக்கொண்டே நீங்கள் கணினியில் செய்யக்கூடியதும் ஒரே கூட்டல்.

அதனால் சிமாஸ் மட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். தராசே மாறிவிட்டது. 3.76 மைக்ரான் பிக்சல் கொண்ட இன்றைய சோனி சென்சார் ஒன்றை அதற்குரிய கெயினில் வைத்தால் வாசிப்பு இரைச்சல் சுமார் 1.5 எலக்ட்ரான்தான். 80 கிராம் பிசகிய இடத்தில் இப்போது 15 கிராம். நாலு தடவை தனித்தனியாக நிறுத்துக் கூட்டினாலும் பிழை 30 கிராம்தான், பழைய தராசில் ஒரே தடவை நிறுத்ததைவிடக் குறைவு. 1.5-இன் வர்க்கத்தைப் பத்தால் பெருக்கினால் 22.5. அதே வானத்தின் கீழ் 23 விநாடிப் படங்களாக எடுத்து அடுக்கினால் வாசிப்பு இரைச்சல் என்ற பேச்சே இல்லை. எதை ஒழிக்கப் பின்னிங் வந்ததோ, அது ஏற்கெனவே ஒழிந்துவிட்டது. இன்னும் மருந்தை விற்கிறார்கள்.

தமிழில் 'பின்' என்றால் பிறகு என்று பொருள். அதை அப்படியே எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன். பின்னால் செய்.

சரி, அப்படியென்றால் பின்னிங் என்ற பேச்சையே விட்டுவிடலாமா? கூடாது. கேள்வியை மாற்ற வேண்டும், அவ்வளவே. எவ்வளவு வெளிச்சம் வரும் என்பதற்கும் பின்னிங்குக்கும் சம்பந்தமில்லை. எவ்வளவு நுட்பம் *வர முடியும்* என்பதோடுதான் அதற்குச் சம்பந்தம். அதைத் தீர்மானிப்பது உங்கள் தலைக்கு மேலே இருக்கும் காற்று.

பஞ்சாங்கம் பார்ப்பவர்களுக்குப் பாகை, கலை, விகலை தெரியும். ஒரு பாகையில் 60 கலை, ஒரு கலையில் 60 விகலை. முழுநிலா குறுக்கே சுமார் 1800 விகலை. நட்சத்திரம் என்பது எவ்வளவு பெரிய தொலைநோக்கிக்கும் புள்ளிதான், ஆனால் காற்றின் நடுக்கத்தில் அந்தப் புள்ளி கலங்கி ஒரு சிறு வட்டமாக விழுகிறது. என் வயலில் நான் எடுத்த படங்களில் அந்த வட்டம் பெரும்பாலும் 3 முதல் 4 விகலை. மொட்டைமாடியில் இன்னும் மோசம், பகல் முழுக்கக் குடித்த வெயிலைக் காங்கிரீட் நடுராத்திரி வரை கக்கிக்கொண்டிருக்கும். அந்த வட்டத்தின் குறுக்கே இரண்டரை, மூன்று பிக்சல் விழுந்தால் போதும், காற்று அனுமதிக்கிற நுட்பம் முழுக்கப் பதிவாகிவிடும். அதற்கு மேல் எத்தனை பிக்சலை அடுக்கினாலும் கலங்கலைத்தான் விரிவாகப் பதிவு செய்கிறீர்கள்.

கணக்கு எளிது. பிக்சலின் அளவை மைக்ரானில் எடுத்து 206 ஆல் பெருக்கி, தொலைநோக்கியின் குவியத்தூரத்தை மில்லிமீட்டரில் எடுத்து வகுத்தால் ஒரு பிக்சலுக்கு எத்தனை விகலை என்று வரும். என் தொலைநோக்கி 750 மில்லிமீட்டர், பிக்சல் 3.76. சுமார் 1.03 விகலை. மூன்றரை விகலை வட்டத்தின் குறுக்கே மூன்று பிக்சலுக்குக் கொஞ்சம் மேல். எனக்குப் பின் 1-தான். அந்தத் தம்பியின் 135 மில்லிமீட்டர் லென்ஸில் பிக்சலுக்கு 5.7 விகலை, ஒரு நட்சத்திரத்துக்கு ஒரு பிக்சல்கூட முழுசாகத் தேவைப்படவில்லை. அதில் பின் 2 வைத்து 11.5 ஆக்குவது, ஏற்கெனவே கட்டமாக இருப்பதைக் கட்டிடமாக்குவது. 8 அங்குலத்தில் 2032 மில்லிமீட்டர் குவியத்தூரம் உள்ள தொலைநோக்கி வைத்திருப்பவருக்கோ அதே கேமராவில் 0.38 விகலை. நம் ஊர்க் காற்றுக்கு அது அநியாய நுட்பம். அவர் தாராளமாகப் பின் 3 வைக்கலாம், 1.14 வரும், இழப்பு ஏதுமில்லை. ஒரே கேமரா, மூன்று விடை. இதை ஒற்றை வாக்கியத்தில் சொல்லிக் கொடுக்கிறேன் என்பவரை நம்பாதீர்கள்.

இந்த இடத்தில் எதிர்முகாம்காரர்கள் கைதட்டத் தொடங்கியிருப்பார்கள். 'சிமாஸில் பின்னிங் என்பதே மூடத்தனம், எப்போதும் பின் 1, பிறகு கணினியில் பார்த்துக்கொள்' என்பது அவர்கள் கட்சி. கணக்குப்படி அவர்கள் சொல்வது சரி. வாழ்க்கைப்படி சரியில்லை. 26 மெகாபிக்சல் சென்சாரில் பின் 1-இல் எடுத்த ஒரு படம் 52 எம்பி. முந்நூறு படம் எடுத்தால் 15 ஜிபிக்கு மேல். அதைச் சீர்செய்து அடுக்கும்போது தற்காலிகக் கோப்புகள் அதைப்போலப் பல மடங்கு இடத்தை விழுங்கும். அரசு கொடுத்த பழைய லாப்டாப்பை வைத்துக்கொண்டு இருக்கிற பிள்ளையிடம் 'எப்போதும் பின் 1' என்று சொல்வதற்கு, அறுபதாயிரம் ரூபாய் கணினியை மேசையில் வைத்திருக்கும் மனசு வேண்டும். 0.38 விகலையில் எடுக்கிற பிள்ளைக்குப் பின் 2-இல் படம் 13 எம்பிதான், எதையும் இழக்கவும் இல்லை. இந்தச் சேமிப்புக்காகப் பின்னிங் வைத்தால் அது நேர்மையான காரணம். வெளிச்சம் கூடும் என்று வைத்தால் ஏமாற்று. குவியம் சரிபார்க்கவும், சட்டகத்தில் பொருள் இருக்கிறதா என்று சட்டென்று பார்க்கவும் எவ்வளவு வேண்டுமானாலும் பின்னிங் வைத்துக்கொள்ளுங்கள், அதை யார் கேட்கப்போகிறார்கள்.

விதிவிலக்கும் உண்டு. ஐஎம்எக்ஸ் 294 சென்சார் கொண்ட கறுப்பு வெள்ளைக் கேமராக்களில் பின் 1-இல் 2.3 மைக்ரான் பிக்சலும் 12 பிட்டும், பின் 2-இல் 4.6 மைக்ரானும் 14 பிட்டும் கிடைக்கும். அங்கே பின் 2 என்பது கூட்டல் மட்டுமில்லை, சென்சாரின் வாசிப்பு முறையே வேறு. அவரவர் கேமராவின் கையேட்டைப் படிக்கத்தான் வேண்டும். வண்ணக் கேமராக்காரர்களுக்கு இன்னொன்று. உங்கள் சென்சாரில் நாலு பக்கத்துப் பிக்சலில் ஒன்று சிவப்பு, இரண்டு பச்சை, ஒன்று நீலம். கண்ணை மூடிக்கொண்டு சேர்த்தால் சிலவற்றில் நிறமே போய்விடும். சிலவற்றில் கேமரா ஒரே நிறத்தைத் தேடி ஒன்றைத் தாண்டி ஒன்றைக் கூட்டும், நுட்பம் போகும். வண்ணத்தில் பின்னிங்கைக் கேமராவிடம் விடவே விடாதீர்கள். டார்க், ஃபிளாட் எல்லாவற்றையும் படம் எடுத்த அதே பின்னிங்கிலேயே எடுக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், வாரத்துக்கு ஒருவர் கேட்கிறார்.

வானியல் கேமரா விற்பவர்கள் மேல் மட்டும் பழி போட்டு என்ன. 2020-இல் சாம்சங் 108 மெகாபிக்சல் கைப்பேசி கொண்டுவந்தது. ஒன்பது பிக்சலை ஒன்றாக்கி அது வழக்கமாகக் கொடுக்கும் படம் 12 மெகாபிக்சல். பெட்டியின் மேல் 108, உள்ளே 12. முதலில் துண்டாக்கி ஒரு விலை, பிறகு ஒட்டவைத்து அதற்கும் ஒரு பெருமை. அதற்கு முந்தின வருஷம் கூகுள் தன் பிக்சல் 4 கைப்பேசியில் நட்சத்திரப் படமெடுக்க ஒரு வழி வைத்தது. 16 விநாடியாக 15 படம், மொத்தம் நாலு நிமிஷம், அடுக்கிச் சேர்த்து ஒரு படம். பால்வீதி தெரிந்ததற்குக் காரணம் அந்த நாலு நிமிஷம். நேரத்தை நீட்டினார்கள், ஒளி வந்தது. விளம்பரத்தில் மெகாபிக்சலை விற்கிற அளவுக்கு நேரத்தை யாரும் விற்பதில்லை, அதைக் கடையில் அடுக்கி வைக்க முடியாதல்லவா.

எந்தக் கேள்விக்கு எந்த அளவை என்று தெரிந்தவர்கள் தமிழ்நாட்டிலேயே இருந்திருக்கிறார்கள். ஜவ்வாது மலையில் காவலூர். 1972-இல் அங்கே ஒரு மீட்டர் தொலைநோக்கி நிறுவப்பட்டது, வைணு பாப்பு காலத்தில். 1977 மார்ச் 10-ஆம் தேதி யுரேனஸ் கோள் ஒரு நட்சத்திரத்தின் குறுக்கே போகவிருந்தது. ஜே.சி. பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் அந்தத் தொலைநோக்கியில் உட்கார்ந்தார்கள். அவர்களிடம் இருந்தது படமெடுக்கும் கருவியே இல்லை, ஒளிமானி. தொலைநோக்கியில் விழும் ஒளி அத்தனையையும் ஒரே எண்ணாகக் கொடுக்கும். இன்றைய பாஷையில் சொன்னால் மொத்தச் சென்சாரையும் ஒரே பிக்சலாகப் பின்னிங் செய்த மாதிரி. சில விநாடிகள் அந்த எண் இறங்கி ஏறியது. அந்த ராத்திரி காவலூரிலும், அமெரிக்காவின் பறக்கும் ஆய்வகத்திலும், வேறு சில இடங்களிலும் பதிவான இறக்கங்களைச் சேர்த்துப் பார்த்துத்தான் யுரேனஸுக்கு வளையங்கள் இருப்பது உலகுக்குத் தெரிந்தது.

படமே இல்லாமல் ஒரு வளையம். நுட்பம் முழுவதையும் விட்டுக்கொடுத்து, பதிலுக்கு நேரத்தின் துல்லியத்தை வாங்கிக்கொண்டார்கள். ஏனென்றால் அன்றைய கேள்வி 'எப்படி இருக்கும்' என்பது அல்ல, 'எப்போது மங்கும்' என்பது. அதே காவலூரில் 1986 முதல் இயங்கும் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியின் முதன்மைக் குவியத்தூரம் சுமார் 7.6 மீட்டர். என் கேமராவைக் கொண்டுபோய் அங்கே மாட்டினால் பிக்சலுக்கு 0.1 விகலை வரும். காவலூர்க் காற்று எவ்வளவு நல்ல காற்றானாலும் அதற்கு எடுபடாது. சின்னப் பிக்சல் உயர்வு, பெரிய பிக்சல் உயர்வு என்று குழுக்களில் அடித்துக்கொள்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

இனி, நாலு மடங்கு. அது நிஜமாகவே இருக்கிறது, ஆனால் கேமராவில் இல்லை.

திரும்பவும் முந்திரிக்காட்டுக்கு வாருங்கள். கூடையில் கொட்டை மட்டும் விழுவதில்லை, சருகும் மண்ணும் சேர்ந்தே விழும். ஒரு கூடைக்குச் சராசரியாக இவ்வளவு மண் என்று கழித்துவிடலாம். ஆனால் ஒரு கூடையில் கூடவும் ஒரு கூடையில் குறையவும் இருக்கும் அந்த ஏற்ற இறக்கத்தைக் கழிக்க வழியே இல்லை. வானொளி என்பது இந்த மண். ஒளித்துகள்கள் மழைத்துளி மாதிரி, சீராக விழாது. நூறு எதிர்பார்த்தால் பத்து கூடும் குறையும். பத்தாயிரம் எதிர்பார்த்தால் நூறு. மங்கலான நெபுலா இந்த ஏற்ற இறக்கத்துக்குள்ளேதான் முங்கிக் கிடக்கிறது. வானொளி நாலு மடங்கானால், அதே நெபுலாவை அதே தெளிவில் எடுக்க நாலு மடங்கு நேரம் வேண்டும். ஐந்து மணி நேரம் போதும் என்றிருந்த இடத்தில் இருபது. இருபத்தைந்து ராத்திரி உள்ள ஊரில்.

எங்கள் பக்கத்து முக்குரோட்டில் மூன்று வருஷத்துக்கு முன் ஓர் உயர்கோபுர விளக்கு முளைத்தது. முன்னால் அங்கே மஞ்சள் சோடியம் விளக்கு ஒன்று தூங்கி வழிந்துகொண்டிருக்கும். இப்போது வெள்ளை எல்இடி. யார் போட்டார்கள் என்பது இங்கே பேச்சில்லை, இந்த மாதிரி விளக்கு இன்று எல்லா ஊரிலும் இருக்கிறது. சோடியம் விளக்கின் ஒளி பெரும்பகுதி மஞ்சளில் ஒரு குறுகிய பட்டையில் இருந்தது, அதை மட்டும் மறைக்கும் வடிகட்டியை லென்ஸ் முன்னால் மாட்டினால் ஓரளவு தப்பிக்கலாம். வெள்ளை எல்இடி எல்லா நிறத்திலும் கொட்டுகிறது, வடிகட்டிக்கு வேலையில்லை. அதிலும் நீலம் காற்றில் அதிகமாகச் சிதறும், பகலில் வானம் நீலமாக இருக்கிற அதே காரணத்தால். அரியலூர்ப் பக்கம் ஆலைகளின் வெளிச்சக் குடை முன்பே இருந்ததுதான். ஆனால் அது தூரத்தில், அடிவானத்தில் கிடந்தது. இது தலைமேல்.

இப்படிப் பேசினால் உடனே ஒருவர் கேட்பார்: "அப்ப கடைசி பஸ்ஸுல வர்ற பொம்பளப் புள்ளைங்க இருட்டுல நடக்கணுமா?" நியாயமான கேள்வி, என் வீட்டிலும் அப்படி வருகிறவர்கள் உண்டு. விளக்கை அணைக்கச் சொல்லவில்லை. விளக்கு தரையைப் பார்க்க வேண்டும் என்கிறேன். பாம்பும் வம்பனும் தரையில்தான் வருகிறார்கள். பக்கவாட்டிலும் மேலேயும் போகிற ஒளி ஒருவரையும் காப்பாற்றவில்லை, அதற்கும் சேர்த்து மின்கட்டணம் போகிறது. ஒரு தகரக் கவசம், ஒரு சாய்மானத் திருத்தம், வெள்ளைக்குப் பதில் இளமஞ்சள் எல்இடி. இதில் ஒன்றும் ராக்கெட் அறிவியல் இல்லை.

ஆனால் நம்மிடம் இருளுக்கான திட்டம் என்றால் மலையில் பூங்காதான். லடாக்கின் ஹான்லேயில் 2022-இல் இருள்வானக் காப்பகம் வந்தது, மகிழ்ச்சி. மகாராஷ்டிராவின் பெஞ்ச் காட்டுக்கு 2024-இல் அங்கீகாரம் கிடைத்தது. கொல்லிமலையிலும் இருள்வானப் பூங்கா அமைப்பதாகத் தமிழக அரசு அறிவித்தது. நல்லது. ஆனால் கார் வைத்திருப்பவன் மலைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரும் பொருளாக இருளை ஆக்கிவிட்டு, கொள்ளிடக்கரை ஊர்களுக்குச் சும்மா கிடைத்துக்கொண்டிருந்த வானத்தை விளக்குக் கம்பம் கம்பமாகத் தீர்த்துக்கொண்டிருக்கிறோம். இதைப் பற்றி வானியல் ஆர்வலர் குழுக்களில் பேச்சே எழுவதில்லை. அங்கே பேச்சு முழுக்க எந்தக் கேமரா, எந்தக் கெயின், எந்தப் பின்னிங். எனக்கு அந்த மந்திரத்தின் மேல் கோபம் வருவதற்கு இதுதான் முதல் காரணம். மெனுவில் ஒரு பொத்தானை அழுத்தினால் நாலு மடங்கு கிடைத்துவிடும் என்று நம்புகிறவன், விளக்குக்குக் கவசம் போடச் சொல்லி மனு எழுத மாட்டான்.

நான் எழுதியிருக்கிறேன், இரண்டு தடவை. இன்னும் பதில் வரவில்லை. மூன்றாவதைத் தம்பி எழுதித் தருகிறேன் என்கிறான், ஊரில் நூறு கையெழுத்தோடு.

சித்திரை அமாவாசைக்கு ஒமேகா செண்டாரியை எடுப்பதாக இருக்கிறோம். லட்சக்கணக்கான நட்சத்திரங்கள் ஒன்றாகக் குமிந்த கொத்து அது. லண்டன்காரன் தன் ஊரிலிருந்து அதைப் பார்க்கவே முடியாது. நமக்கு நேர்தெற்கே, கொள்ளிடத்துப் பக்கம், 31 பாகை உயரத்துக்கு ஏறி நிற்கும். கோபுர விளக்கு எங்கள் வயலுக்கு வடக்கே இருப்பதால் இந்த ஒன்று மட்டும் தப்பித்திருக்கிறது. 750 மில்லிமீட்டர், பின் 1, 30 விநாடியாக 360 படம், மூன்று மணி நேரம். லாப்டாப்பில் 19 ஜிபிக்கு இடம் ஒழித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். தம்பி அவன் போனில் இருக்கும் படங்களையெல்லாம் அழித்துக்கொண்டிருக்கிறான்.